ஆர்.கே.பேட்டைக்குப் போன மூன்றாவது மோட்டார்

என் பிரிவு உபசார விழாவில் என்னைப் பற்றி நிறையப் பேசினார்கள். அதில் பாதி பொய். ஆர்.கே.பேட்டை மிக்சி விஷயத்தில் நான் கம்பெனிக்காரர்களோடு போனில் சண்டை போட்டு, மேசையைக் குத்தி, மோட்டார் வாங்கிக் கொடுத்ததாக இப்போது எங்கள் சர்வீஸ் சென்டரில் வேலை பார்க்கும் பெண்கள் ஒரு கதையைச் சொல்லிக் கைதட்டலும் வாங்கிவிட்டார்கள். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்ததால் நான் மறுத்துப் பேசவில்லை. நான் யாரோடும் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அதையும் நன்றாகவே போட்டிருப்பேன், அது வேறு விஷயம். ஆனால் உண்மையில் நடந்தது அதைவிட நல்ல கதை. அது கெட்டுப்போகக் கூடாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் கஸ்தூரி. திருத்தணியில் ஒரு மிக்சி கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பிறந்தது ஆர்.கே.பேட்டையில், பவர்லூம் ஓடுகிற வீட்டில். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தார் சுற்றுவேன். தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாயும் நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குச்சியில் நூல் சுற்றுகிற வேலை அது. பிறகு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தேன். திருத்தணியில் கட்டிக் கொடுத்தார்கள். சர்வீஸ் சென்டரில் போன் எடுக்கத்தான் என்னைச் சேர்த்தார்கள். ஒரு நாள் மெக்கானிக் வரவில்லை. வாசலில் ஐந்தாறு பேர் மிக்சியோடு நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். மறு மாதம் போன் எடுக்க வேறு ஆள் போட்டார்கள்.

எங்கள் பொறுப்பாளர் நாதமுனி சார். நகரிப் பக்கத்துக்காரர், தமிழும் தெலுங்கும் ஒரே மூச்சில் பேசுவார். அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை, பாராட்டியும் பார்த்ததில்லை. நாம் முடித்த வேலை சரியில்லை என்றால் மிக்சியை நம் பக்கம் திருப்பி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். சரியாக இருந்தால் தன் பக்கம் இழுத்துக்கொண்டு ஈரத்துணியால் துடைக்க ஆரம்பிப்பார். சும்மா ஒப்புக்குத் துடைப்பதல்ல. தீக்குச்சியில் துணியைச் சுற்றி, பட்டன் சந்துகளில் வருஷக்கணக்காக அடைந்திருக்கும் மஞ்சளையும் தேங்காய்ப் பிசுக்கையும் நோண்டி எடுப்பார். "இது எதுக்கு சார் உங்களுக்கு?" என்று ஒரு தடவை கேட்டேன். "மோட்டாரு அவங்க கண்ணுக்குத் தெரியாது கஸ்தூரி. மஞ்சக் கறை போனது தெரியும்" என்றார்.

புது மோட்டார்கள் இருக்கும் அலமாரியின் சாவி அவர் சட்டைப் பையில்தான் இருக்கும். போய்க் கேட்டால் உடனே கொடுக்க மாட்டார். "ஏன் எரிஞ்சுது?" என்பார். ஜாரின் அடியில் பிளேடு இறுகிப்போயிருந்தது, கார்பன் தேய்ந்து பொறி பறந்தது, ஊறாத உளுந்தை இரண்டு ஜார் அளவுக்கு ஒரே ஜாரில் திணித்தார்கள் என்று எதையாவது உருப்படியாகச் சொல்ல வேண்டும். "தெரியல சார், எரிஞ்சு போச்சு" என்றால் சாவி வெளியே வராது. காரணம் தெரியாமல் மோட்டார் மாற்றினால் அடுத்த மோட்டாரையும் எரிக்கத்தான் கொடுக்கிறோம் என்பது அவர் வாதம். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக வரும். போகப்போக நானும் அந்த நோய் பிடித்தவளாகிவிட்டேன்.

மோட்டார் மாற்றுவது பெரிய வித்தை என்று நான் சொல்லவில்லை. ஆனால் செய்கிற கைக்கும் செய்கிற கைக்கும் வித்தியாசம் உண்டு. மிக்சியைக் கவிழ்த்து அடித்தட்டைக் கழற்றினால் ஒயர்கள் தெரியும். எது எங்கே போகிறது என்று இப்போது போனில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நான் நூல் கட்டுவேன். தறி வீட்டுப் பெண்ணுக்கு நூலுக்கா பஞ்சம்? ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு நிறம் என்று சிவப்பு, பச்சை, மஞ்சள் நூலை எங்கள் வீட்டு முடிச்சாகப் போட்டு வைப்பேன். அடுத்து மேலே ஜார் உட்காரும் கப்ளர். அது வழக்கமான திருகுக்கு எதிர்ப்பக்கம் கழலும். இது தெரியாதவர்கள் சுத்தியலால் தட்டி உடைத்துவிட்டு, ஏற்கெனவே உடைந்திருந்தது என்பார்கள். புது மோட்டாரை ரப்பர் வளையங்களின் மேல் உட்கார வைத்து, குறுக்கு மூலைகளாக ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரே மூலையில் முழுக்க இறுக்கினால் மோட்டார் சாய்ந்துகொண்டு, ஓடும்போது உறுமும். அதன்பின் கையால் சுழற்றிப் பார்ப்பது, ஜார் இல்லாமல் ஓட்டிப் பார்ப்பது, தண்ணீர் ஊற்றி ஓட்டுவது. கடைசியாக, ஓடுகிற மிக்சியின் அடி விளிம்பில் கையை வைக்க வேண்டும். உள்ளேயிருக்கும் விசிறி சூட்டை அடித்தட்டுத் துளைகள் வழியாக வெளியே தள்ளும். அந்தக் காற்று விரலில் பட்டால்தான் வேலை முடிந்தது. மூச்சு வருதா என்று பார்ப்பது என நாதமுனி சார் இதற்குப் பெயர் வைத்திருந்தார்.

இப்போது ரமணம்மாவுக்கு வருகிறேன். ஆர்.கே.பேட்டையில் நெசவுக் குடும்பம், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். அவள் புருஷன் வெங்கடேசன் பவர்லூம் ஓட்டிக்கொண்டிருந்தவர். தொண்டையில் ஆபரேஷன் ஆகி, வாயால் எதுவும் சாப்பிடக் கூடாது என்று மூக்கு வழியாகக் குழாய் போட்டு அனுப்பியிருந்தார்கள். கேழ்வரகுக் கஞ்சி, பருப்பு, காய்கறி எல்லாவற்றையும் மை போல அரைத்து, வடிகட்டி, வேளாவேளைக்கு அந்தக் குழாயில் ஊற்ற வேண்டும். கொஞ்சம் திப்பி இருந்தாலும் குழாய் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் ஆளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஆக, அந்த வீட்டில் மிக்சி என்பது அவருடைய வாய்.

அந்த மிக்சியின் மோட்டார் எரிந்து முதல் தடவை வந்தது. பிளேடு இறுகியிருந்தது என்று காரணம் சொல்லி மாற்றிக் கொடுத்தேன். சில வாரத்தில் மறுபடி வந்தது. கேழ்வரகைக் கெட்டியாக அரைத்ததால் பளு தாங்கவில்லை என்றேன். சார் என் முகத்தை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத்தான் சாவியை எடுத்தார். மூன்றாம் தடவையும் ரமணம்மா அதைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கியபோது, திறக்காமலே எனக்குக் கருகல் வாசனை தெரிந்துவிட்டது.

"ஏன் எரிஞ்சுது?" என்றார் சார்.

மிக்சியைக் கவிழ்த்துப் பிரித்துப் பார்த்தேன். பிளேடு இலகுவாகச் சுற்றியது. கார்பன் புதுசு. நான் போட்ட மோட்டார், நான் இறுக்கிய ஸ்க்ரூ. என் வேலையில் குறை இல்லை என்று சத்தியம் பண்ணுவேன், ஆனால் காரணம் மட்டும் தெரியவில்லை. போதாக்குறைக்கு, ஒரே மிக்சியில் மூன்றாவது மோட்டாரும் எரிந்தால் உபயோகிப்பவர் தவறு என்று எழுதி, வேறு மோட்டார் தராமல் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்பது கம்பெனி வழக்கம். நாங்கள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்ட ரமணம்மாவுக்கு அது புரிந்துவிட்டது.

"நான் இன்னா சார் தப்பு பண்ணேன்? பாத்து பாத்துதான அரைச்சிகினு கீறேன்" என்றாள். "நின்னு போனா அடில இருக்கிற செவப்பு பட்டன அமுக்கி மறுபடியும் ஓட்டுவேன். பாவாவுக்கு வேளைக்கு ஊத்தணும் இல்ல?"

பாவா என்றது அவள் புருஷனைத்தான். அத்தை மகன், கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அவளுக்கு அவர் பாவாதான்.

"பக்கத்துல உங்க மச்சினர் வூடு இருக்குதே, அங்க மிக்சி இல்லியா?" என்றேன்.

"அதுல மொளகா அரைக்கிறாங்க அக்கா. எத்தினி தபா கழுவினாலும் காரம் போவல. ஒரு வாட்டி அதுல அரைச்சி ஊத்தினேன், அவரு வயித்தப் புட்சிகினு துடிச்சாரு. அம்மியில அரைச்சேன், குழாய் அடைச்சிகிச்சு. ஆஸ்பத்திரில என்னத்தான் திட்டினாங்க." அவள் அழவில்லை. அடுத்த வேளைக்கு என்ன செய்வது என்ற யோசனையில் இருப்பவளுக்கு அழ நேரம் ஏது?

நாதமுனி சார் அலமாரியைத் திறக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டார். எனக்கு அவர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தவர் ஒரு துணிப்பையை என்னிடம் கொடுத்தார்.

"இதுல மோட்டார் இருக்குது. இங்க மாட்டாத. அவங்க வூட்டுக்குப் போயி மாட்டு. மாட்டினப்புறம் நீ எதையும் தொடாத. அந்தம்மா தெனம் எப்படி அரைக்கிறாங்களோ அப்படியே அரைக்கச் சொல்லு. நீ சும்மா பாத்துகினு இரு."

அன்று கிருத்திகை. பஸ் நிலையம் முழுக்க மஞ்சள் உடுப்பும் காவடியும் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகளும். அந்தக் கூட்டத்தில் நானும் ரமணம்மாவும் ஆளுக்கொரு பக்கம் மிக்சியைப் பிடித்துக்கொண்டு முண்டியடித்து பஸ் ஏறினோம். சாமி பிரசாதம் கொண்டு போகிறோம் என்று நினைத்து ஒரு அம்மாள் எங்களுக்கு வழிகூட விட்டார்.

ரமணம்மா வீட்டில் தறி இல்லை, வைத்தியத்துக்காக விற்றாகிவிட்டது. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் மச்சினர் வீட்டில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. வீடு முழுக்க அந்தச் சத்தமும் அதிர்வும். வெங்கடேசன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நல்ல உயரமான ஆள், கொடியில் காயும் துணி போல இளைத்திருந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். தொண்டைப் புண் ஆறாததால் பேச்சு வரவில்லை.

தரையில் உட்கார்ந்து மிக்சியைத் திறந்தேன். துணிப்பையிலிருந்து மோட்டாரை எடுத்ததும் என் கை நின்றுவிட்டது. அது புதுசு இல்லை. சுத்தமாகத் துடைத்திருந்தார், ஆனாலும் ஓடிய மோட்டார்தான். அதன் ஒயர்களில் சிவப்பு, பச்சை, மஞ்சள் நூல். எங்கள் வீட்டு முடிச்சு. நாதமுனி சார் வீட்டு மிக்சிக்கு நானே போட்ட மோட்டார் அது. கம்பெனி மோட்டாரைக் கொடுக்க வழக்கம் இடம் தரவில்லை. மனுஷன் வீட்டுக்குப் போய்த் தன் அடுப்படி மிக்சியைப் பிரித்து எடுத்து வந்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சற்றுமுன் அவரை மனதுக்குள் என்னவெல்லாம் திட்டினேனோ, அத்தனையும் எனக்கே திரும்பி வந்தது. இதையும் எரித்துவிட்டு அவர் முன்னால் போய் நிற்க முடியாது.

மாட்டினேன். கையால் சுழற்றினேன். தரையிலேயே வைத்து ஓட்டி, அடி விளிம்பில் விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு ஜோராக வந்தது.

"இப்ப நீ அரை" என்றேன் ரமணம்மாவிடம். "தெனம் எப்படியோ அப்படியே. நான் இல்லன்னு நெனச்சிக்க."

அவள் மிக்சியைத் தூக்கி அடுப்படிக் கல்மேடையில் அதன் இடத்தில் வைத்தாள். வேகவைத்த கேரட்டையும் பருப்பையும் ஜாரில் போட்டு, தண்ணீர் விட்டு ஓட்டினாள். அளவு சரி. விட்டுவிட்டுத்தான் ஓட்டினாள், அதுவும் சரி. ஒரு குறையும் சொல்ல முடியாது. சும்மா பார்க்கச் சொன்னார் சார், ஆனால் கை சும்மா இருக்குமா? பழக்கத்தில் போய் அடி விளிம்பில் விரலை வைத்தேன்.

காற்றே இல்லை.

"நிறுத்து நிறுத்து" என்று கத்திவிட்டேன். குனிந்து பார்த்தேன். மிக்சிக்கு அடியில் தறித்துணி. லுங்கித் துணியின் கழிவை நாலாக மடித்துத் தைத்த தடித்த மெத்தை. மிக்சியின் கால்கள் அதில் அமுங்கி, அடித்தட்டு அப்படியே துணியோடு ஒட்டிக்கிடந்தது. துளைகள் அத்தனையும் அடைப்பு. வெளியே போக வேண்டிய சூடு உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. சூடு தாங்காமல் மிக்சி தானாக நின்று நின்று எச்சரித்தும், இவள் சிவப்புப் பட்டனை அழுத்தி அழுத்தி ஓட்டியிருக்கிறாள்.

அந்த மெத்தை என் கண் முன்னாலேயேதான் இருந்தது. ஆனால் கண்ணில் படவில்லை. ஏனென்றால் தறி ஓடுகிற வீட்டில் எல்லாமே துணி மேல்தான் இருக்கும். அதிர்வில் தம்ளர்கூட ஊர்ந்து போய்க் கீழே விழும் என்பதால் விளக்கு, குடம், சாமி படம், டி.வி. என எல்லாவற்றுக்கும் அடியில் துணி போடுவோம். என் அம்மா வீட்டிலும் அப்படித்தான். வேறு ஊர்க்காரர் யாராவது வந்திருந்தால், இது என்ன இந்த வீட்டில் குடத்துக்கும் படுக்கை போட்டிருக்கிறார்கள் என்று வாசலிலேயே கேட்டிருப்பார்.

விஷயத்தைச் சொன்னதும் ரமணம்மா அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதுவரை அழாதவள் அப்போதுதான் உடைந்தாள்.

"நானேதான் பண்ணேனா அக்கா? நானே பாவாவ பட்டினி போட்டேனா?"

"அட, சும்மா இரு. தறி வூட்ல பொறந்த எவளா இருந்தாலும் இப்படித்தான் வெப்பா. எங்கம்மா வூட்டு மிக்சி இந்த நிமிசம் துணி மேலதான் குந்திகினு இருக்குது. நான் மிக்சி மெக்கானிக்கு, எனக்கே தோணல. நீ இன்னா பண்ணுவ?"

துணியை எடுத்துவிட்டு வெறும் கல்மேல் வைத்து ஓட்டினோம். காற்று வந்தது. ஆனால் அடுத்த வீட்டுத் தறி அதிர்வும் மிக்சியின் அதிர்வும் சேர்ந்து மிக்சி மேடையில் நடக்க ஆரம்பித்தது. துணி வைத்தால் எரியும், வைக்காவிட்டால் விழுந்து உடையும். கீழே அட்டை வைக்கலாமா, பலகை வைக்கலாமா என்று நானும் அவளும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தோம்.

டங் டங் என்று சத்தம் கேட்டது. வெங்கடேசன் ஸ்பூனால் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். கட்டிலுக்கு அடியில் கையைக் காட்டினார். ரமணம்மா குனிந்து ஒரு பழைய தகர டப்பாவை இழுத்தாள். தறியை விற்றபோது மிஞ்சிய சாமான்கள். அவர் அதில் கையை விட்டுத் துழாவி, கனமான ரப்பர் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்தார். பறந்து வரும் நாடா மோதும் இடத்தில், அடி தாங்குவதற்காக வைக்கிற ரப்பர். நாள் முழுக்க உதை வாங்கியே பழகியது. அதிர்வைத் தின்று ஏப்பம் விடும்.

சம உயரமாக நாலு துண்டு வேண்டும் என்றேன். அவர் கத்தியைக் கேட்டு வாங்கினார். வெட்டு நூல் பிடித்தது போல இருந்தது. இரண்டைச் சேர்த்து வைத்து, கண்ணுக்கு நேரே தூக்கி உயரம் பார்த்து, மறுபடி சீவினார். அதுவரை படுத்த படுக்கையான நோயாளியாக இருந்தவர், அந்த நேரத்தில் தறிக்காரராக உட்கார்ந்திருந்தார். ரமணம்மா வாயைத் துணியால் பொத்திக்கொண்டு அவரையே பார்த்தாள்.

அந்த நாலு துண்டையும் மிக்சியின் நாலு காலுக்கும் அடியில் ஒட்டினேன். ஓட்டினோம். மேடையை விட்டு ஒரு நூல் அளவு நகரவில்லை. விரலை வைத்தேன், மூச்சு வந்தது. வெங்கடேசனைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து அவர் விரலையும் அங்கே வைத்தேன். அவர் தலையாட்டினார். அரைத்ததை வடிகட்டி ரமணம்மா குழாயில் ஊற்றி முடிக்கும்வரை நான் நகரவில்லை. ஒரு தடங்கல் இல்லாமல் இறங்கியது. இவ்வளவு வருஷ வேலையில் எத்தனையோ மிக்சி ஓட்டியிருக்கிறேன். அன்றைக்குப் பட்ட பெருமை வேறு. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

பஸ் ஏறுமுன் அம்மா வீட்டுக்குப் போய், மிக்சியைத் தூக்கி அடியிலிருந்த துணியை உருவினேன். "பொறந்த வூட்டுக்கு வந்தா ஒருவாய் காபி குடிப்பாங்க, நீ இன்னாடி துணிய உருவினு போற?" என்று அம்மா சத்தம் போட்டாள்.

நாதமுனி சாரிடம் போய், "அடியில துணி சார். மூச்சு அடைச்சிகிச்சு" என்றேன். "ஆங்" என்றார். அவ்வளவுதான். ஆனால் மறுநாளிலிருந்து, நெசவு வீட்டிலிருந்து எந்த மிக்சி வந்தாலும், "வூட்ல இதுக்கு அடியில இன்னா வெச்சிருக்கீங்க?" என்று முதலில் கேட்பது எங்கள் சென்டரில் நடைமுறையாகிவிட்டது. பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டைப் பக்கத்திலிருந்து எரிந்து வரும் மோட்டார்கள் கண்கூடாகக் குறைந்தன. இன்றைக்கும் அந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். அது என் கேள்வி.

சார் வீட்டு மிக்சி மட்டும் வெறும் கூடாக நின்றது. அவர் மனைவி ஒரு நாள் சென்டருக்கே வந்து, "ஊரு மிக்சி எல்லாம் ஓடுது, எங்க வூட்ல தெனம் ரசந்தான். உங்க சாரு மோட்டார யாருக்கு தானம் குடுத்தாரு?" என்று என்னிடம் கேட்டார். அவர் முகத்தில் கோபமும் இருந்தது, சிரிப்பும் இருந்தது. நான் ரமணம்மாவிடமிருந்து எரிந்த மோட்டாரை வாங்கி வந்தேன். கருகிய கம்பியை எல்லாம் பிரித்தெடுத்து, புதுச் செம்புக்கம்பியை நானே சுற்றினேன். எங்கள் சென்டரில் மோட்டாரை மாற்றுவார்கள், யாரும் சுற்ற மாட்டார்கள். தார் சுற்றிய கைக்கு நூலென்ன, கம்பியென்ன? வார்னிஷ் பூசி மொட்டை மாடி வெயிலில் காய வைத்து, சார் வீட்டு மிக்சியில் மாட்டிக் கொடுத்தேன். இன்னும் ஓடுகிறது. நம்பாதவர்கள் அவர் வீட்டுக்குப் போய்க் கேட்கலாம்.

மழைக்காலம் முடிந்து ஒரு நாள், வேலை மும்முரமாக இருந்தபோது என் போன் அடித்தது. ரமணம்மா. அவள் பெயரைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. மோட்டார் போச்சு என்றுதான் நினைத்தேன்.

"இன்னாம்மா, எரிஞ்சிடுச்சா?"

"மிக்சிக்கு ஒண்ணும் இல்ல அக்கா. நேத்து ஆஸ்பத்திரில குழாய எடுத்துட்டாங்க. இன்னிக்கி பாவா இட்லி சாப்ட்டாரு."

"அரைச்சிக் குடுத்தியா?"

"இல்ல அக்கா. மென்னு சாப்ட்டாரு. வாயால. ஒண்ணரை இட்லி."

நான் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். "சார், வெங்கடேசன் இட்லி சாப்ட்டாராம் சார்" என்று கத்தினேன். மிக்சி வாங்க வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நாதமுனி சார் தலையை நிமிர்த்தினார். ஆகா, ஓகோ என்றெல்லாம் சொல்லவில்லை.

"எதத் தொட்டுகினாராம்? கேளு" என்றார்.

கேட்டேன். "இரு அக்கா" என்றாள் ரமணம்மா. போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிறகு கரகரவென்று, ஒவ்வொரு எழுத்தாக, ஓர் ஆண் குரல் வந்தது.

"கட-ல சட்-னி."

அதுவரை அந்த மனிதரின் குரலை நான் கேட்டதே இல்லை. அதைச் சாரிடம் நான் எதற்குத் திருப்பிச் சொல்ல வேண்டும்? போனைக் கொண்டுபோய் அப்படியே அவர் காதில் வைத்தேன்.